பனியன் வேஸ்டில் சுற்றிய விண்டோஸ்

திருப்பூரில் நான் பார்க்கும் வேலையை ஒருவருக்கு விளக்கி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். சாஃப்ட்வேர் என்று சொன்னால் இந்த ஊரில் இரண்டு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். ஒன்று, பெங்களூரில் இருந்திருக்க வேண்டிய பையன், என்னவோ ஆகி இங்கே வந்துவிட்டான். இன்னொன்று, பிரிண்டர் சரி பண்ணத் தெரிந்தவன். முதலாவதையாவது மறுத்துப் பேசலாம். இரண்டாவதை மறுத்தால், “அப்புறம் என்னங் படிச்சீங்க?” என்று கேட்டுவிடுவார்கள்.

குடியிருப்பது பி.என். ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மாடி வீடு. கீழே மாமனாரின் தையல் யூனிட். கம்பெனிகளிடமிருந்து வெட்டிய துணியை வாங்கித் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க். பவர் டேபிளில் பதினான்கு மிஷின். “வீட்டோட மாப்பிள்ளையா?” என்று ஒறம்பரையில் யாராவது கேட்டால், “மாடியோட மாப்பிள்ளை, வாடகை தர்றேன்” என்று திருத்துவேன். காலை எட்டரைக்குக் கீழே மோட்டார் போட்டதும் மேலே என் மேஜை லேசாக அதிரும். பதினான்கு மிஷினும் சேர்ந்து வருமானம் தைக்கிற அந்த அதிர்விலே உட்கார்ந்துகொண்டு, புரோகிராம் எழுத எந்த எடிட்டர் உத்தமம் என்று நான் யோசித்துக்கொண்டிருப்பேன்.

இருபது வருஷத்தில் மற்றவர்கள் இடம் வாங்கிப் போட்டார்கள். எனக்குச் சேர்ந்தது அபிப்பிராயங்கள். விண்டோஸ் ஆகாது, லினக்ஸ்தான் ஆகும். மவுஸைத் தொடுகிறவன் பாதி புரோகிராமர். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துத்தான் கண்ணுக்கு நல்லது. இந்தக் கடைசி அபிப்பிராயத்தை ஒருநாள் கீழே செக்கிங் டேபிளில், தலைக்கு மேலே டியூப் லைட்டை இறக்கிக் கட்டி ஊசி ஓட்டை தேடிக்கொண்டிருந்த பெண்களிடம் சொன்னேன். “கரண்ட் பில்லுக்காகங்களா சார்?” என்றார் ஒருவர்.

இந்த வீட்டுக்கு லினக்ஸைக் கொண்டுவந்தது நானில்லை, தமிழ்நாடு அரசு. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் கொழுந்தியாவுக்கு ஒன்று கிடைத்தது. அதில் விண்டோஸும் இருந்தது, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. நான் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் பாஸ் லினக்ஸ் ஓடும். மாடி ஏறியதும் விண்டோஸ். மரியாதை தெரிந்த பெண்.

லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் பற்றி மட்டும் எனக்கு இருப்பது பக்தி. 1964இல் பெல் ஆய்வகத்தில் டக் மெக்கில்ராய் ஒரு குறிப்பு எழுதினார்: தோட்டத்துக் குழாய்களை ஒன்றோடொன்று திருகி இணைப்பதுபோல் புரோகிராம்களையும் இணைக்க வழி வேண்டும் என்று. 1973இல் கென் தாம்சன் அதை யூனிக்ஸில் செய்துகாட்டினார். அதற்குப் பைப் என்று பெயர். ஒவ்வொரு புரோகிராமும் ஒரே வேலை செய்யும், அதை ஒழுங்காகச் செய்யும், முடித்ததை அடுத்ததின் கையில் கொடுத்துவிடும். இதைப் படித்துவிட்டுக் கீழே இறங்கிப் போனால் மெய்சிலிர்க்கும். கட்டிங்கிலிருந்து வந்த பீஸ் ஓவர்லாக்குக்குப் போகிறது, அங்கிருந்து பேட்லாக், பிறகு பிசிறு வெட்ட, செக்கிங், அயர்ன், பேக்கிங். எவரும் அடுத்தவர் வேலையைத் தொடுவதில்லை. மாமனாரின் மேஜையில் ஒரு ஜிஎஸ்எம் கட்டர் இருக்கிறது. துணியில் 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் ஒன்றை வெட்டும், வேறொன்றும் செய்யாது. அந்த வட்டத்தை எடை போட்டு நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை. 1.8 கிராம் என்றால் 180. இதைவிட யூனிக்ஸ்தனமான கருவியை நான் பார்த்ததில்லை.

இதையெல்லாம் ஒரு ராத்திரி மனைவிக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

“ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கோணும், அதை ஒழுங்காச் செய்யோணும். அவ்வளவுதானுங்களே?”

“அதேதான்!”

“கேஸ் புக் பண்ணச் சொல்லி மூணு நாளாச்சுங்க.”

எடிட்டர் எங்கள் தொழிலில் குலதெய்வம் மாதிரி. பெண் எடுக்கலாம், கொடுக்கலாம், ஆனால் குலதெய்வத்தை மாற்ற முடியாது. என் தெய்வம் விம். அதற்கு மூத்ததான வி-ஐ என்பதை பில் ஜாய் 1976இல் எழுதினார். அவர் வேலை செய்த டெர்மினலில் ஹெச், ஜே, கே, எல் என்ற நான்கு விசைகளின் மேலேயே அம்புக்குறி அச்சிட்டிருந்தது. அதனால் ஜே அடித்தால் கீழே, கே அடித்தால் மேலே. அந்த டெர்மினல்கள் காயலான் கடைக்குப் போய் எத்தனையோ காலமாகியும், நான் இன்னும் ஜே அடித்துத்தான் கீழே இறங்குகிறேன். இதைக் கண்மூடிப் பழக்கம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கீழே ஒரு சிங்கர் டெய்லர் பாபின் கேஸைத் தன் டிபன் பையிலேயே வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய், காலையில் திரும்பக் கொண்டுவருகிறார். வேறு கேஸ் போட்டால் கை ஓடாதாம். அவர் ஒருவர்தான் என் கட்சி.

ஆனால் என் தெய்வத்துக்குத் தமிழ் தெரியாது. 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ் 99 விசைப்பலகையில் அதே நான்கு விசைகளில் உட்கார்ந்திருப்பவை க, ப, ம, த. தமிழில் எதையாவது எழுதிவிட்டு, ஆங்கிலத்துக்கு மாற்ற மறந்து, கீழே போவதற்காக ஜே அடிப்பேன். விம்முக்குப் போய்ச் சேருவது ‘ப’. அதற்கு அப்படியொரு கட்டளையே கிடையாது. அசையாமல் நிற்கும். நானும் ப, ப, ப என்று அடித்துக்கொண்டே இருப்பேன், மாட்டை உழவுக்கு ஓட்டுகிறவன் மாதிரி.

கிட் பற்றியும் கீழே பிரசங்கம் செய்திருக்கிறேன். லினக்ஸின் மூலநிரலைப் பராமரித்துவந்த பிட்கீப்பரின் இலவச உரிமம் கைவிட்டுப் போனதால், 2005 ஏப்ரலில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தாமே எழுதத் தொடங்கியது கிட். எந்தக் கோப்பும் எந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே திரும்ப எடுக்கலாம். மாமனாரின் கம்ப்யூட்டரிலோ ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’, ‘ஃபைனல் ஒரிஜினல்’, ‘பையர் சொன்ன ஃபைனல்’ என்று நான்கு எக்செல். இதைக் காட்டி கிட்டின் மகிமையைச் சொன்னேன். மாமனார் பீரோவைத் திறந்து, டேக் கட்டி சீல் வைத்த ஒரு டி-ஷர்ட்டை எடுத்தார். “இது அப்ரூவல் ஆன சாம்பிள்ங் மாப்ளே. சாயத்துக்கு ஏ, பி, சின்னு லேப் டிப் போட்டு அனுப்புவாங்க. பையர் பி-யை ஓகே பண்ணினா அதுதான். நாளைக்கு மாத்திப் பேசினா இதை எடுத்து டேபிள்ல போட்டிருவோமுங்.” கிட்டில் இதற்குப் பெயரும் டேக்தான். நான் அதைச் சொல்லவில்லை.

இத்தனை அபிப்பிராயங்களும் கையில் இருக்கிறவனுக்கு ஒரு சந்தர்ப்பம் மட்டும்தான் தேவை. மைக்ரோசாஃப்ட் அதைக் கொடுத்தது: விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் நிறுத்தம். யூனிட் கம்ப்யூட்டர் பழசு. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 அதில் இல்லை. “புதுசு வாங்க வேண்டாம் மாமா. செலவே இல்லாம லினக்ஸ் போட்டுத் தர்றேன்” என்றேன். செலவே இல்லாமல் என்ற வார்த்தை கொங்கு நாட்டில் எந்தக் கதவையும் திறக்கும்.

அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 20, திங்கள்கிழமை. அதற்கு முந்தின சனிக்கிழமை போனஸ். தீபாவளி வாரத்தில் இந்த ஊரில் யாரும் ஊசிகூட மாற்றமாட்டார்கள். நான் ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாற்றினேன்.

12ஆம் தேதி ஞாயிறு, யூனிட் லீவு. பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, பனியன் வேஸ்டில் சுற்றி, ஜிஎஸ்எம் கட்டர் பக்கத்தில் வைத்தேன். இந்த முழு விவகாரத்திலும் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். புது எஸ்எஸ்டியில் உபுண்டு லினக்ஸ் போட்டேன். முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. 1991 ஆகஸ்டில் ஃபின்லாந்து மாணவர் ஒருவர் பொழுதுபோக்காகத் தொடங்கியது இன்று நம் தையல் யூனிட்டுக்கு வந்திருக்கிறது என்று மாமனாரிடம் சொன்னேன். “பொழுதுபோக்குக்குங்களா?” என்று அந்த ஒரு வார்த்தையில் அவர் நின்றுவிட்டார்.

திங்கட்கிழமை காலை கணக்கு அக்கா வந்தார். பத்தொன்பது வருஷமாக அந்த நாற்காலி அவருடையது. முதல் கேள்வி, “டேலி எங்கீங் சார்?” டேலியை லினக்ஸில் நேரடியாகப் போட முடியாது என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தேதான், “அதுக்கு ஒரு வழி இருக்குங்க்கா” என்றேன். அந்த வழியைத் தேடி மத்தியானம் வரைக்கும் போனேன். பிறகு டிசி, அதாவது டெலிவரி சலான், அடிக்கிற டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். கார்பன் வைத்து மூன்று காப்பி விழ வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு வரி அடித்துவிட்டு, காகிதத்தை மரியாதையாக வெளியே தள்ளியது. வாசலில் கம்பெனி டெம்போ ஆஃப் பண்ணாமல் நின்றது. அக்கா பேனாவை எடுத்து டிசியைக் கையால் எழுதிக் கொடுத்தனுப்பினார். டெம்போக்காரர் என்னைப் பார்த்து, “கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ண வந்தீங்களா?” என்றார். ரிப்பேர் ஆக்க வந்தேன் என்பதுதான் சரியான பதில்.

அன்று மாலை போனஸ் லிஸ்ட் எக்செல்லைத் திறந்தேன். யாருடைய பெயரும் இல்லை. எல்லா இடத்திலும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். அக்கா பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருக்கிறார். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ‘தமிழ்’ என்ற வார்த்தை ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் தெரியும். ஜே, கே என்றதும் எனக்குக் கை துறுதுறுத்தது. இதையே விம்மில் கட்டளையாக அடித்தால் என்ன நடக்கும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஒரு வரி கீழே போகும், மேலே திரும்பி வரும், முன்னே எதையோ வெட்டியதை அங்கே ஒட்டும், புது வரி ஒன்று திறக்கும், அதில் ஓர் அரைப்புள்ளியை வைத்துவிட்டுக் காத்திருக்கும். முப்பத்தெட்டுக் குடும்பத்துக்குத் தீபாவளி நிற்கும்போது எனக்கு இதுதான் சிரிப்பாக இருந்தது. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு இல்லை.

எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்றினேன். அதோடு விட்டிருக்கலாம். போனஸையும் பைத்தானில் நானே போட்டுத் தருகிறேன் என்று உட்கார்ந்தேன். அப்போது நடப்பிலிருந்த 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், மேலே போனால் 20. நாற்பது வரி ஸ்கிரிப்ட். வியாழக்கிழமை ராத்திரி ஓடி முடித்ததும் எனக்கே கை கொடுத்துக்கொள்ளத் தோன்றியது. லிஸ்ட்டை அக்காவிடம் நீட்டினேன். அவர் கூட்டிப் பார்க்கவில்லை, வரியை எண்ணினார்.

“முப்பத்தாறுதானுங் இருக்கு.”

யூனிட்டில் ஒரே பெயரில் மூன்று பேர். அக்காவின் நோட்டில் அவர்கள் ‘ஓவர்லாக்’, ‘செக்கிங்’, ‘கண்ணாடி’ என்று பெயருக்குப் பின்னால் அடையாளத்தோடு இருக்கிறார்கள். என் ஸ்கிரிப்ட்டில் பெயர்தான் சாவி. ஒரே சாவிக்கு மூன்று பேர் வந்தால் பைத்தான் சண்டை போடாது. கடைசியில் வந்தவரை வைத்துக்கொண்டு முன்னால் வந்த இருவரையும் சத்தமில்லாமல் அழித்துவிடும். அப்படி மிச்சம் இருந்தவர் ஆடியில் சேர்ந்த கண்ணாடி. பத்து வருஷமாக ஓவர்லாக் ஓட்டுகிற அம்மாவுக்கு என் லிஸ்ட்படி ஒரு பட்டாசுப் பெட்டிகூட இல்லை. முதல் வருஷ மாணவனுக்குச் சொல்லித் தருகிற பாடம் இது. நானே வகுப்பெடுத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மாமனார் சர்வீஸ் கடைப் பையனைக் கூப்பிட்டார். இருபத்திரண்டு வயது இருக்கலாம். பனியன் வேஸ்டைப் பிரித்து, பழைய டிஸ்க்கை மாட்டி, ஆன் பண்ணினான். டேலி வந்தது. பிரிண்டர் கரகரவென்று மூன்று காப்பி அடித்தது. பிறகு ஏதோ ஒரு பட்டனை அழுத்திவிட்டு, “வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இன்னொரு வருஷம் செக்யூரிட்டி அப்டேட் தர்றாங்கங் சார், 2026 அக்டோபர் வரைக்கும். இதுல சேர்த்திட்டேன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?” என்றான். தெரியும் என்று தலையாட்டினேன். இருநூறு ரூபாய் வாங்கினான். போகிற போக்கில் உபுண்டு இருந்த எஸ்எஸ்டியை என் கையில் கொடுத்து, “இது நல்லா இருக்குங், வெச்சுக்கோங்க” என்றான்.

சனிக்கிழமை சாயங்காலம் போனஸ் கவர். அக்கா நோட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட, மாமனார் கவரும் ஸ்வீட் பாக்ஸும் கொடுத்தார். ஓவர்லாக், செக்கிங், கண்ணாடி மூவரும் வாங்கினார்கள். நான் படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அக்கா, “மாப்பிள்ளை சாருங்க!” என்றார். எல்லோரும் திரும்பினார்கள். எனக்கும் ஒரு கவர்.

கையெழுத்துப் போட நோட்டை நீட்டினார். வரிசை எண் 39. வேலை என்ற கட்டத்தில் ‘கைமடி’ என்று இருந்தது. டெய்லருக்குப் பின்னால் நின்று பீஸை எடுத்து அடுக்கிக் கொடுக்கிற உதவியாள். திங்கள், செவ்வாய், வியாழன் மூன்று ஷிப்ட். புதன்கிழமை நான் என்ன செய்தேன் என்று எனக்கே ஞாபகமில்லை, அக்கா ஆப்சென்ட் போட்டிருந்தார். ஷிப்ட்டுக்கு 400 வீதம் சம்பளம் 1200, போனஸ் 100.

மாடிக்கு வந்து ஸ்கிரிப்ட்டில் ஓட்டிப் பார்த்தேன். 99 ரூபாய் 96 காசு என்று வந்தது. மிச்சம் நாலு காசை அக்கா சேர்த்துக் கொடுத்திருக்கிறார்.