மடப்பள்ளிக்கு அனுப்பப்பட்ட மனு

திருவரங்கம் பெரிய கோவில் சுவர்களிலிருந்து அறுநூறுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளைத் தொல்லியல் துறை படியெடுத்துப் பதிப்பித்திருக்கிறது. யார் எவ்வளவு நிலம் விட்டார், நான்கெல்லை எது, விளக்கெரிக்க வைத்த பொன் யார் பொறுப்பில் இருக்கிறது, எல்லாம் ஊர் பார்க்கப் பெயரோடு வெட்டிக் கிடக்கிறது. சோழரும் பாண்டியரும் போசளரும் மக்களாட்சிக்காரர்கள் அல்லர். கணக்கைச் சுவரில் வைக்காவிட்டால் சொத்து சுவடில்லாமல் போய்விடும் என்று நம் ஆட்களைப் பற்றி நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவும் இதையேதான் சொல்கிறது. எவனாவது மனுப் போடட்டும் என்று காத்திராதே, நீயே வெளியிடு என்கிறது. அதற்குக் கொடுத்த கெடு 120 நாள். கெடு முடிந்து இருபது வருடமாகிறது.

சரி, அந்தக் கல்வெட்டு விவரத்தை இன்றைக்கு ஓர் அலுவலகத்தில் கேட்டுப் பார்ப்போம். பத்து ரூபாய்க்குக் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டியாயிற்று. முப்பதாம் நாள் சாயங்காலம் பதில் தபாலில் ஏறும்:

“பார்வையில் காணும் தங்கள் மனு தொடர்பாகத் தெரிவிக்கப்படுவது யாதெனில், நிலம் அளித்தவரின் பெயர் மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல் என்பதால் வழங்க இயலாது. நிலம் ஏன் அளிக்கப்பட்டது என்பது வினா வடிவில் உள்ளதால் தகவல் என்ற வரையறைக்குள் வராது. பொன் குறித்த கோப்பு இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை. விளக்கு நெய் குறித்த இனம் 6(3) பிரிவின்கீழ் மடப்பள்ளிக்கு மாற்றம் செய்யப்பட்டுள்ளது. தாங்கள் வேலை நாளில் நேரில் வந்து சுவரைப் பார்வையிடலாம்.”

இதில் என் கற்பனை, மடப்பள்ளியும் சுவரும் மட்டும்தான். மற்ற வரிகளைத் தமிழ்நாட்டில் மனுப் போட்டுப் பழகிய எவரும் மனப்பாடமாகச் சொல்வார். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருகிறவர்களுக்கும் இது அத்துப்படி. “ஏன்னு எழுதாதீங்கண்ணே, கேள்வி கேக்குறீங்கன்னு திருப்பிடுவாங்க. ‘சான்றிட்ட நகல் தரவும்’னு மட்டும் போடுங்க.” குடிமகன் அரசிடம் ஏன் என்று கேட்கக்கூடாது. நகல் கேட்கலாம், பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.

ஆனால் குடிமகனைப் பார்த்து ஏன் என்று கேட்கத் தடையில்லை போலிருக்கிறது. நீ யார், எந்தக் கட்சி, உனக்கெதற்கு இந்தக் கணக்கு? மனுதாரரிடம் காரணம் கேட்காதே என்று 6(2) பிரிவு பட்டவர்த்தனமாகச் சொல்கிறது. 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்றே காரணம் சொல்லத்தான் வேண்டும் என்று எழுதிவிட்டு, சில நாளில் அந்தப் பகுதியைத் தானே நீக்கிக்கொண்டது. நீதிமன்றம் திருத்திக்கொண்டது. மேசைகள் திருத்திக்கொள்ளவில்லை.

இப்போது அந்த மேசைகளுக்கு டெல்லியிலிருந்தே சீதனம் வந்திருக்கிறது. பொது வேலைக்குத் தொடர்பில்லாத அந்தரங்கத்தை மட்டும் மறுக்கலாம் என்றிருந்தது 8(1)(j) பிரிவு. நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக்கூடாது என்ற காப்பும் அதில் இருந்தது. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இரண்டையும் வெட்டியெறிந்தது. 2025 நவம்பரில் அந்த வெட்டு நடைமுறைக்கும் வந்துவிட்டது. தனிப்பட்ட தகவலா, மறுத்துவிடு. பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என 8(2) இருக்கிறதே என்பார்கள். பெரிதா சிறிதா என்று முதலில் நிறுத்துப் பார்ப்பவர் அதே மேசைக்காரர்தானே.

இவ்வளவு அந்தரங்கம் பேணும் நாட்டில், மனுப் போட்டவரின் விலாசம் மட்டும் ஒப்பந்தக்காரருக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

தனிப்பட்ட தகவல் என்ற பூட்டு என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் போயின. 1836இல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டத் தொடங்கிய அணை அது. அப்படியோர் அணையைக் கடைசியாகச் சோதித்தவர் யார், என்ன எழுதிக் கையெழுத்திட்டார் என்று இன்று கேட்டால் அந்தப் பெயரும் கையெழுத்தும் தனிப்பட்ட தகவல் என்று சொல்ல வழி இருக்கிறது. அப்புறம் தண்ணீரைத்தான் விசாரிக்க வேண்டும்.

இந்தியாவிலேயே முதலில் தகவல் உரிமைச் சட்டம் போட்ட மாநிலம் நாம்தான், 1997இல். விலக்குகள் இருபதுக்கு மேல் இருந்தன என்பதைப் பெருமையடிக்கும்போது யாரும் சொல்வதில்லை. 2008 ஆகஸ்டில் லஞ்ச ஒழிப்புத் துறைக்கே விலக்களித்து அரசாணை போட்டோம். பிறகு ஆட்சிகள் மாறின, அரசாணை அசையவில்லை. ஊழல் புகார் பற்றிய தகவலுக்கு இந்த விலக்கு செல்லாது என்று 24(4) பிரிவே சொல்கிறது. லஞ்ச ஒழிப்புத் துறையில் ஊழல் புகாரைத் தவிர வேறென்ன கோப்பு இருக்கும்? கோழி வளர்ப்பா?

மேல்முறையீடு இருக்கிறதே என்று கிளம்பினால் சென்னையில் மாநிலத் தகவல் ஆணையம். 2022இல் சதர்க் நாகரிக் சங்கதன் அமைப்பு நாடெங்கும் உள்ள ஆணையங்களிடமே தகவல் கேட்டு மனுப் போட்டது. தமிழ்நாடு ஆணையம் கொடுத்தது கேட்டதில் 14 விழுக்காடு. நாட்டிலேயே கடைசி இடம். ஊரார் வாயைத் திறக்கவைக்க வேண்டியவர் தன் வாயை இறுகப் பூட்டிக்கொண்ட கதை.

அதையும் தாண்டி ஜெயித்தால், தகவல் தராத அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் அபராதம், உச்சம் 25,000. அது அவர் சம்பளத்தில் பிடிக்கப்பட்டதா என்று இன்னொரு பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்டுப் பாருங்கள். சம்பள விவரம் தனிப்பட்ட தகவல் என்று பதில் வரும்.