வள்ளல்களின் ஆறு

கொடை என்றதும் பாரியைச் சொல்கிறார்கள். முல்லைக்குத் தேர் கொடுத்தானாம். ஒரே ஒரு தேர், அதுவும் ஒரே ஒரு தடவை. தாமிரபரணிக் கரையில் பிறந்த நாங்கள் எங்கள் ஆற்றுக்கு நாள் தவறாமல் கொடுக்கிறோம். எங்களைப் பாட ஒரு கபிலர்தான் இல்லை.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும்வரை ஏறத்தாழ 128 கிலோமீட்டர். இதில் கஞ்சத்தனம் காட்டுவது காடு மட்டும்தான். முண்டந்துறைப் புலிகள் இத்தனை காலம் அங்கே வாழ்ந்தும் ஆற்றுக்கு ஒரு பாலித்தீன் பைகூடத் தந்ததில்லை. படிப்பறிவு இல்லாத ஜீவன்கள்!

மலையிறங்கினால் பாபநாசம். ஆறு ஈரத்தோடு வந்து நிற்பதைப் பார்த்தால் மனம் பொறுக்குமா? பரிகாரம் முடித்த கையோடு உடுத்திய வேட்டியையும் சேலையையும் அவிழ்த்துப் போர்த்திவிடுகிறோம். தன்னார்வலர்கள் என்று சிலர் அவற்றை டன் கணக்கில் இழுத்துக் கரையில் போடுகிறார்கள், பக்தி இல்லாதவர்கள். துணியோடு பாவமும் போய்விடும் என்பது நம்பிக்கை. போகத்தான் செய்கிறது, அம்பாசமுத்திரம் வரைக்கும்.

வள்ளல்களில் தலையாய ஊர் நெல்லை. அங்கே ஆற்றில் வந்து விழுவதைச் சாக்கடை என்று சொல்வது நன்றிகெட்ட பேச்சு; அது வீட்டுக்கு வீடு சேர்த்த காணிக்கை. சுத்திகரித்துத்தான் விட வேண்டுமாம். கொடுப்பதில் அழுக்கைக் கழித்துக்கொண்டு கொடுத்தால் அது முழுக்கொடை ஆகுமா? அந்தச் சத்தைக் குடித்துத்தான் அமலைச்செடி தழைத்து, ஆற்றின்மேல் பச்சைக் கம்பளம் விரிக்கிறது. தண்ணீர் கண்ணில் படாதபடி ஆற்றை அழகுபடுத்த வேறு எந்த ஊருக்குத் தெரியும்?

2018 அக்டோபரில் மகாபுஷ்கரம் வந்தது. 144 ஆண்டுக்கு ஒருமுறை வருவது என்றார்கள். படித்துறைகளைக் கழுவினோம், ஆரத்தி காட்டினோம், தாயே என்று மூழ்கி எழுந்தோம். அடுத்தது 2162இல். துடைப்பத்தை மறுபடி அப்போது எடுத்தால் போதும்.

இப்படிக் கொடுத்துக்கொண்டே இருந்தால் ஆற்றுக்கும் கூச்சமாக இருக்கும் அல்லவா? அதற்காகத்தான் பதிலுக்குக் கொஞ்சம் மணல் எடுத்துக்கொண்டோம். அது பொறுக்காமல் கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு தம் எண்பத்தைந்தாம் வயதில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்து தாமே வாதாடி, 2010இல் தடை வாங்கிவிட்டார். அந்த வயதில் பேசாமல் வீட்டில் ஓய்வெடுத்திருக்கலாம். 2023இல் முறப்பநாட்டில், மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலரை அவருடைய அலுவலகத்திலேயே வெட்டிக் கொன்றார்கள்.

அதைப் புகழ மட்டும் எனக்கு வாய் வரவில்லை.

மற்றபடி எங்கள் விருந்தோம்பலுக்கு ஒரு குறையும் இல்லை. கீழே இருக்கிற தூத்துக்குடி இதே ஆற்றைத்தான் குடிக்கிறது. நாங்கள் கொடுத்ததெல்லாம் அவர்களுக்கும் ஒரு பங்கு போய்ச் சேருகிறது. இதை வாசித்துச் சிரிக்கும் நெல்லைக்காரர் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: நமக்கு மேலேயும் ஊர்கள் இருக்கின்றன. அவர்களும் வள்ளல்கள்தான்.