தேங்காயும் கருந்துளையும்

ஏலே பேராண்டி, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போனைத் தேய்ச்சு, எவனோ போட்ட வீடியோவைப் பாத்து, எம்.எச். 370 விமானம் எங்க போச்சுன்னு கண்டுபிடிச்சிட்டேங்குத. ரொம்ப சந்தோசம். இருபத்தாறு நாட்டுக்காரன் கப்பலும் விமானமுமா அலைஞ்சு கெடைக்காதது, உனக்கு ரெண்டு ஜிபி டேட்டாவுல கெடைச்சிட்டு.

ஆனா துப்புத் துலக்குததுக்கும் ஒரு முறை இருக்குடே. கெழவன் சொல்லுதேன், கேட்டுக்க. மலேசியா சர்க்கார் 2018 ஜூலையில போட்ட அறிக்கைப் பக்கம் தலைவச்சும் படுத்துராத. 495 பக்கம். கடைசியில, 'ஏன் காணாமப் போச்சுன்னு எங்களால தீர்மானிக்க முடியல'ன்னு முடிச்சிருக்கான். இப்படி ஒளிவு மறைவில்லாம எழுதுனதை எவன் ஷேர் பண்ணுவான்?

சேருத ஆளையும் பாத்துச் சேரு. கோலாலம்பூர் ஏர்போர்ட்டுக்கே ஒரு மந்திரவாதி வந்தாரு. கையில தேங்காய், மூங்கில்ல செஞ்ச பைனாகுலர். உலகமே சிரிச்சிது. அதே மாசம் அமெரிக்கா டிவியில ஒருத்தரு, 'கருந்துளை முழுங்கியிருக்குமோ'ன்னு கேட்டாரு. நிகழ்ச்சிக்கு வந்திருந்த அம்மா, 'சின்னக் கருந்துளையா இருந்தாலே மொத்தப் பிரபஞ்சத்தையும் இழுத்துரும்யா'ன்னு சொல்லி அடக்குனா. என் ஓட்டு மந்திரவாதிக்குத்தான். தேங்காயில சட்னியாவது அரைக்கலாம்.

நீ சொல்லுத டியேகோ கார்சியா கதையும் நல்லாத்தான் இருக்கு. அமெரிக்காக்காரன் தீவுல எறக்கி 239 பேரையும் ஒளிச்சு வச்சிருக்கான், வேளாவேளைக்குச் சோறும் போடுதான். சரி. 2015 ஜூலையில ரீயூனியன் தீவுல கடற்கரையைக் கூட்டிப் பெருக்குத ஆளுக கையில இறக்கைத் துண்டு ஒண்ணு கெடைச்சுதே? பிரெஞ்சுக்காரன் உள்ள இருந்த நம்பரைப் பாத்து, அதே விமானத்துதுதான்னு சொல்லிட்டான். பொறவு தான்சானியாவுலயும் மொரீசியஸ்லயும் துண்டு ஒதுங்கிச்சு. 'அதெல்லாம் அமெரிக்காக்காரனே கடல்ல எறிஞ்சது'ம்ப. சொல்லு, சொல்லு. கதையில ஓட்டை விழுந்தா ஒட்டுப் போட்டுக்கிட்டேதான் போவணும்.

மங்குஸ்தான் மேலயும் சந்தேகம் வந்துட்டு, தெரியுமா? நாலரை டன் பழம் ஏத்தியிருந்தான், கூடவே லித்தியம் பேட்டரியும். பழச்சாறு பேட்டரியில ஒழுகித் தீப்பிடிச்சிருக்குமோன்னு சோதிச்சே பாத்தான். குத்தாலத்துல கிலோக் கணக்கா வாங்கித் திங்கோமே, அதே மங்குஸ்தான். பாவம்.

கூத்து கெடக்கட்டும். எனக்கு மனசு ஆறாத இடம் வேற.

2014 மார்ச் 8. ராத்திரி 12.42க்கு கோலாலம்பூர்ல கெளம்பி பீஜிங் போவுது. 1.19க்கு 'குட்நைட்'னு ஒரு சத்தம். 1.21க்கு மலேசியா எல்லை முடிஞ்சு வியட்நாம் எல்லை தொடங்குத எடத்துல ரேடார் திரையை விட்டு மறைஞ்சிட்டு. அஞ்சு நிமிசத்துக்குள்ள 'எங்கவே இன்னும் வரலியே'ன்னு வியட்நாம்காரன் கேக்கணும். கேட்டது 1.39க்கு. ரெண்டு கீதாரி எல்லையில ஆடு கைமாத்துன கதைதான்: 'அவங்கிட்ட விட்டாச்சு'ன்னு இவன், 'இன்னும் வரல'ன்னு அவன்.

இதைக் கேளு. விமானக் கம்பெனியில விசாரிச்சா 'கம்போடியாவுக்கு மேல பறக்குது'ன்னான். எப்படித் தெரியும்? கம்ப்யூட்டர்ல, போயிருந்தா இப்ப எங்க இருக்கும்னு கணக்குப் போட்ட படம். நெசமான விமானம் இல்ல, கணக்கு விமானம்! அது வெறும் கணக்குதான்னு ஒத்துக்கவே விடியக்காலை மூணரை மணி ஆயிட்டு. தேடல் அறிவிப்பு விட்டது அஞ்சரைக்கு. நெச விமானம் அதுக்கு எவ்வளவோ முன்னாலயே திரும்பி, தீபகற்பத்தைக் குறுக்க கடந்து, பினாங்கைச் சுத்தி, மலாக்கா நீரிணைப் பக்கம் போயிட்டு. ராணுவ ரேடார் 2.22 வரைக்கும் பாத்திருக்கு. பகையாளி இல்லன்னு விட்டுட்டான். பொறவும் ஒரு வாரம் தென்சீனக் கடலைக் கலக்குனான்.

கடலுக்குள்ள கெடந்து சத்தம் போடணும்னு கறுப்புப் பெட்டியில ஒரு கருவி இருக்கும். விவரம் பதியுத பெட்டியில இருந்த அந்தக் கருவிக்கு பேட்டரி 2012 டிசம்பர்லயே காலாவதி. இதுக்கு வேற்றுக்கிரகத்துல இருந்து ஆளு வரணுமால?

கடைசி வரைக்கும் பொறுப்பா இருந்தது ஒரு செயற்கைக்கோள்தான். மணிக்கு ஒருக்க 'இருக்கியா?'ன்னு கேட்டிருக்கு, விமானத்துல இருந்த கருவியும் 'இருக்கேன்'னு பதில் குடுத்திருக்கு. காலையில 8.19 வரைக்கும். எடம் சொல்லாது, எம்புட்டு தூரம்னும் சிக்னலோட அலைவரிசை எம்புட்டு மாறுதுன்னும் மட்டும் தெரியும். அதை வச்சுத்தான் வட்டம் போட்டு, தெற்கு இந்தியப் பெருங்கடல்னு வந்து நின்னான். 1,20,000 சதுர கிலோமீட்டர் கடலடியைத் துழாவி, 2017 ஜனவரியில நிறுத்திட்டான்.

விமானியைக் குத்தம் சொல்லுதவனும் உண்டு. வீட்டுல வச்சிருந்த பயிற்சிக் கருவியில தெக்கு நோக்கிப் போன தடம் கெடைச்சது நெசம். விமானத்தைக் கையாலதான் திருப்பியிருக்குன்னு அறிக்கை சொல்லுதது நெசம். வேற ஆளு புகுந்திருக்க முடியாதுன்னு சொல்லிர முடியாதுன்னு அதே அறிக்கை சொல்லுததும் நெசம். அந்த மூணாவதை மட்டும் உன் வீடியோக்காரன் வெட்டிட்டான் பாரு.

என் கணக்கு இதுதான்: விமானம் அந்தக் கடல்ல கெடக்கு. திருப்புனது யாரு, எதுக்குன்னு எனக்குந் தெரியாது, உனக்குந் தெரியாது. 2025 மார்ச்சுல ஓஷன் இன்பினிட்டி கம்பெனியோட மலேசியா மறுபடி ஒப்பந்தம் போட்டிருக்கு. கண்டுபிடிச்சாத்தான் துட்டு, 7 கோடி டாலர். நீ டியேகோ கார்சியாவுல இருந்து எடுத்துக் குடுத்தா ஒருவேளை ஒனக்கே தருவான், கேட்டுப் பாரு.

அந்த வீடியோவை மட்டும் நம்ம குடும்ப குரூப்புல போட்டுராத. உங்க பெரியாத்தா அடுத்த வாரம் பினாங்குக்குப் பேத்தியைப் பாக்கப் போறா.