தண்டவாளத்தின் மேல் தண்டவாளம்

பெறுநர்: பெட்டி வாசகம் எழுதும் துறை, சீகேட், தோஷிபா, வெஸ்டர்ன் டிஜிட்டல் (உலகத்தில் ஹார்ட் டிஸ்க் செய்யும் கம்பெனிகளில் மிச்சம் இருப்பதே இந்த மூன்றுதான்).

அனுப்புநர்: செந்தூல், கோலாலம்பூர்.

மதிப்புக்குரிய பெரியோர்களே,

செந்தூலில் கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம், கூச்ச சுபாவம். பத்து வருடத் தாலிகட்டுகளும் பத்துமலைக் காவடிகளும் தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிகளும் அவர் மேசைக்கடியில் ஒரு பழைய கணினிக்குள் குடியிருக்கின்றன. பல டிஸ்க்குகளை ஒன்றாக இயக்கும் ரெய்டு ஏற்பாட்டுக்கென்று தனி அட்டை வாங்கக் கட்டுப்படியாகாததால், லினக்ஸில் இலவசமாக வரும் எம்டிஆடம் மென்பொருளை வைத்து நான்கு டிஸ்க்குகளை ரெய்டு 5 ஆகக் கோத்திருக்கிறார். ஒன்று செத்தால் மற்ற மூன்றும் சேர்ந்து அதன் சரக்கை மீட்டுக் கொடுக்கும். போன மாதம் ஒன்று செத்தது. அண்ணன் எல்ஆர்டி ஏறி, ஹங் துவாவில் மோனோரெயிலுக்கு மாறி, கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே தங்கள் பெட்டிகளை வாசித்தார். வினை அங்கேதான் தொடங்கியது.

முதலில் நிறங்கள். சிவப்பு நேஸ் (வலையில் இணைத்த சேமிப்பு) பெட்டிக்கு, நீலம் வீட்டுக் கணினிக்கு, ஊதா சிசிடிவிக்கு. ராசிக்கல் கடைக்குள் நுழைந்துவிட்டோமோ என்று அண்ணனுக்குச் சந்தேகம்.

அடுத்தது ஆயுள். சிவப்பு டிஸ்க்கின் விவரத்தாளில், பழுதுகளுக்கிடையே சராசரி 10 லட்சம் மணி நேரம் என்று போட்டிருந்தது. கைபேசியில் வகுத்துப் பார்த்தார்: 114 வருடம்! உத்தரவாதம் எவ்வளவு என்று பார்த்தால் 3 வருடம். அந்தக் கணக்கின் உண்மைப் பொருள் வேறு. ஆயிரம் டிஸ்க் ஓயாமல் ஓடினால் வருடத்துக்கு ஏறக்குறைய 9 போகும் என்பதுதான் அது. அப்படியே எழுதியிருந்தால் பாமரனுக்கும் புரிந்திருக்கும். புரிந்துவிடுமே என்றுதான் எழுதவில்லையோ என்னவோ.

இனி பெரிய வழக்கு. ரெய்டு பெட்டிகளுக்கென்றே விற்கப்பட்ட வெஸ்டர்ன் டிஜிட்டல் சிவப்பு வரிசையில், 2 டெராபைட் முதல் 6 டெராபைட் வரை பல டிஸ்க்குகள் சத்தமில்லாமல் எஸ்எம்ஆர் முறைக்கு மாறியிருந்தது 2020 ஏப்ரலில் அம்பலமானது. எஸ்எம்ஆர் என்பது ஓடு வேய்கிற மாதிரி. தரவு எழுதும் பாதைகள் ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறி உட்கார்ந்திருக்கும். அதே தட்டில் கூடுதல் சரக்கு பிடிக்கும். ஆனால் கூரையில் ஓர் ஓடு மாற்ற அதன்மேல் ஏறிய ஓடுகளையும் கழற்றி மாட்ட வேண்டும். டிஸ்க்குக்கும் அதே கதிதான். சின்னச் சின்ன வேலைகளை ஒரு மூலையில் வாங்கிவைத்து, ஓய்வு நேரத்தில் அடுக்கிக்கொள்ளும். ரெய்டில் புது டிஸ்க்கை நிரப்பும்போது ஓய்வு ஏது?

அந்த வருடம் நடந்த ஒரு சோதனையில், ரெய்டு போலவே டிஸ்க்குகளைக் கோக்கும் ஸெட்எஃப்எஸ் அமைப்பில் 4 டெராபைட் எஸ்எம்ஆர் டிஸ்க் ஒன்றை நிரப்ப ஏறக்குறைய 230 மணி நேரம் பிடித்தது. சாதாரண டிஸ்க்குகள் ஒரு நாளுக்குள் முடித்துவிட்டன. ஒன்பதரை நாள்! ரெய்டு 5இல் அத்தனை நாளுக்குள் இன்னொரு டிஸ்க் மண்டையைப் போட்டால் தாலிகட்டும் இல்லை, காவடியும் இல்லை.

வேறெந்த ஊரிலும் இதை விளக்கச் சிரமப்பட வேண்டியிருக்கும். செந்தூலில் வேண்டாம். பிரிட்டிஷ்காரன் காலத்து ரயில் பட்டறையில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் உழைத்த ஊர் இது. தண்டவாளத்தின் மேல் தண்டவாளத்தைப் பாதி ஏற்றிப் போட்டால் இடம் மிச்சம் என்று எந்தத் துரையாவது சொல்லியிருந்தால், அவரை அடுத்த வண்டியிலேயே பத்துமலைக்கு அனுப்பி வேப்பிலை அடித்திருப்பார்கள்.

குட்டு வெளிப்பட்டதும் மூன்று கம்பெனிகளும் எந்த மாடல் எந்த முறை என்று பட்டியல் வெளியிட்டீர்கள். சீகேட்டின் அயன்வுல்ஃப் வரிசையில் எஸ்எம்ஆர் இல்லை, பாராகுடாவில் உண்டு. நன்றி. வெஸ்டர்ன் டிஜிட்டல் செய்த பரிகாரம்தான் ரசிக்கத்தக்கது: பாதைகள் அருகருகே ஓடும் பழைய சிஎம்ஆர் டிஸ்க்குகளுக்கு 'ரெட் பிளஸ்' என்று பெயர் சூட்டியது. பழைய நல்ல சரக்குக்குப் புதுப் பெயர், புதுச் சரக்குக்குப் பழைய நல்ல பெயர். லோயாட் கடைப் பையனோ இரண்டையும் நீட்டி, "சேம் சேம் லா போஸ்" என்றான்.

அமெரிக்காவில் வெஸ்டர்ன் டிஜிட்டல் மேல் வழக்குப் போட்டவர்களோடு 2021இல் 2.7 மில்லியன் டாலருக்குச் சமரசம் ஆனது. செந்தூலுக்கு அதில் ஒரு காசும் இல்லை. பக்கத்தில் பெட்டாலிங் ஜெயாவிலேயே அந்தக் கம்பெனிக்கு ஓர் ஆலை இருந்தது, நேரே போய்க் கேட்டிருக்கலாம். அதையும் மூடப்போவதாக 2018லேயே அறிவித்துவிட்டீர்கள்.

பெட்டியில் இல்லாத இன்னொரு சங்கதி, பிடிவாதம். ஒரு துண்டைப் படிக்க முடியாவிட்டால் சாதாரண மேசைக் கணினி டிஸ்க் இரண்டு நிமிடம்கூட மல்லுக்கட்டும். லினக்ஸ் பொறுப்பது 30 நொடி. அதன்பின் இணைப்பையே உலுக்கும், கடைசியில் நல்ல டிஸ்க்கைக் கூட்டத்திலிருந்து வெளியே தள்ளும். நேஸ் டிஸ்க்குகளோ பொதுவாக 7 நொடியில், "தெரியவில்லை, பக்கத்து ஆளைக் கேள்" என்று சொல்லிவிடும். இப்படிச் சீக்கிரம் கைவிடும் வசதி இல்லாத டிஸ்க் வாய்த்தால் லினக்ஸின் பொறுமையை 180 நொடிக்கு உயர்த்தி வைப்பது நல்லது.

ரெய்டில் வரும் 'ஐ' என்ற எழுத்துக்கு, 1988இல் பெர்க்லி ஆய்வாளர்கள் கட்டுரை எழுதியபோது 'மலிவான' என்று பொருள். பின்னாளில் வியாபாரிகள் அதைத் 'தனித்தனியான' என்று திருத்தினார்கள். விலைச்சீட்டைப் பார்த்தால் திருத்தம் நியாயமாகத்தான் படுகிறது.

செந்தூல் கேட்பது மூன்று வரி, அதுவும் பெட்டியின் மேலேயே: பாதைகள் அருகருகேயா, ஒன்றன்மேல் ஒன்றா; பிழை வந்தால் எத்தனை நொடியில் கைவிடும்; ஆயிரத்துக்கு வருடம் எத்தனை போகும். ஊதாவுக்கும் நீலத்துக்கும் செலவாகும் மையில் இது அடங்கும்.

அண்ணன் சிஎம்ஆர் டிஸ்க் ஒன்றை வாங்கிப் பொருத்தி, எல்லாவற்றையும் வெளியே இன்னொரு டிஸ்க்கிலும் படியெடுத்து அக்கா வீட்டில் வைத்துவிட்டார். தங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறார். 7 நொடியில் வந்தால் நல்லது, 30 நொடி வரை பொறுப்பார்.