அமாவுக்குப் புரியாமல் தைவான் மொழி எழுதுவது எப்படி?

தைபேயில் வளர்ந்த நீங்கள், தைனானில் இருக்கும் அமாவுக்கு (பாட்டியை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) தைவான் மொழியில், அதுவும் ரோமன் எழுத்தில், நாலு வரி எழுத முடிவெடுத்துவிட்டீர்கள். சபாஷ்! பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதியில் விழுவதற்கு நான் வழி சொல்கிறேன்.

1. தொனியைக் காட்டும் தலைக்குறிகளை மழித்துவிடுங்கள். நீங்கள் ஏற்கெனவே அப்படித்தான் எழுதுகிறீர்கள். இனி கூச்சமில்லாமல் எழுதுங்கள். 'சி' என்ற அசைக்குத் தலையில் ஒன்றும் இல்லையென்றால் கவிதை. வலப்பக்கம் ஏறும் கோடு போட்டால் சாவு. இறங்கும் கோடு, நான்கு. கூரை, நேரம். படுக்கைக் கோடு, வெறும் 'ஆகும்'. ஐந்தையும் ஒன்றாக்குங்கள். "நான் உங்கள் பேரன் ஆவேன்" என்று தொடங்கினால், மூன்றாவது சொல்லுக்குள் நீங்கள் செத்துப்போக வாய்ப்பிருக்கிறது. அமா பதறினால் பாசம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

2. 'எச்' எழுத்தைச் சிக்கனப்படுத்துங்கள். 'கே'க்குப் பின்னால் எச் வந்தால் கால். வராவிட்டால் கத்தரிக்கோலால் வெட்டுவது. கால்வலியைப் பற்றி எழுதும்போது இதை அவசியம் கடைப்பிடியுங்கள். (ஒரே 'க'வில் குடித்தனம் நடத்தும் தமிழர்களுக்கு இது கைவந்த கலை.)

3. மாண்டரினுக்குச் செய்த ரோமன் எழுத்துமுறையான பின்யினைக் கடன் வாங்குங்கள். அதில் 'பி' (b) எழுத்துக்குள்ள ஒலியைத் தைவான் மொழி வேறு எழுத்தால் குறிக்கிறது. அதனாலென்ன? 'ஒப்பிடு' என்று எழுதப் போய் 'அரிசி' வந்து நிற்கும். அரிசி நல்லதுதானே.

4. இரண்டு முறைகளைக் கலந்து எழுதுங்கள். தேவாலயம் வளர்த்த பே-வே-ஜி ஒன்று. கல்வி அமைச்சு 2006-இல் அறிவித்த தைலோ இன்னொன்று. 'சிஎச்' அங்கே, 'டிஎஸ்' இங்கே. ஒரே சொல்லில் இரண்டும் வந்தால் நீங்கள் தேறிவிட்டீர்கள். யாராவது திருத்த வந்தால், எது சரி என்று சண்டையை ஆரம்பித்துவிடுங்கள். அன்றைக்கு எழுத வேண்டியிருக்காது.

5. பேச்சில் சொற்கள் சேரும்போது, கடைசி அசையைத் தவிர மற்றவற்றின் தொனி மாறிவிடும், எழுத்தில் மாறாது. நீங்கள் பாதியைக் காதால் எழுதுங்கள், பாதியை அகராதியைப் பார்த்து.

6. இவ்வளவும் செய்துவிட்டு, "ரோமன் எழுத்தில் எதையும் படிக்க முடியாது" என்று தீர்ப்புச் சொல்லுங்கள். 1885-இல் தாமஸ் பார்க்ளே தைனானில் இதே எழுத்தில் பத்திரிகை தொடங்கினார் என்பதைப் பற்றி மூச்சுவிடாதீர்கள். தைவானில் அச்சான முதல் செய்திப் பத்திரிகை அது. சீன எழுத்துப் படிக்காத பெண்கள் இதில் கடிதமே எழுதினார்கள். 1975-இல் அரசு ரோமன் எழுத்துப் புதிய ஏற்பாட்டைப் பறிமுதல் செய்தது. யாராலும் படிக்க முடியாத புத்தகத்தை எதற்குப் பிடுங்கினார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

கடிதத்தை அனுப்பிவிட்டீர்களா? ஞாயிறுதோறும் ரோமன் எழுத்துப் பாட்டுப் புத்தகத்தோடு தேவாலயத்துக்குப் போகிறவர் அமா. ஒரு குறி விடாமல் பதில் எழுதுவார். அதைப் படித்துச் சொல்ல இப்போதே ஒரு ஆளைப் பார்த்து வையுங்கள்.