போன் பண்டிதர்

போன் பண்டிதர் என்பவர், புதிய ஆண்ட்ராய்டு போன் வாங்கும் முன் கட்டாயம் கலந்தாலோசித்துவிட்டு, அவர் சொன்னதற்கு மாறாக ஒன்றை வாங்கிக்கொள்வதற்காகக் குடும்பம் வைத்திருக்கும் உறவினர். தமிழ்நாட்டில் ஓரளவு பெரிய குடும்பம் எதிலும் இப்படி ஒருவர் உண்டு. வயது இருபத்தெட்டுக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவில். படித்தது சிவில் இன்ஜினியரிங்காக இருக்கலாம், வேலை கூட்டுறவு வங்கியில் இருக்கலாம். அதெல்லாம் தகுதிக்குத் தடையில்லை. எப்போதோ ஒரு பொங்கல் லீவில் பெரியப்பாவின் போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்திருப்பார். அன்று மாலையே "எதுக்கும் அவனை ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்று வீட்டில் பேச ஆரம்பித்திருப்பார்கள். பதவி நியமனம் அவ்வளவுதான். சம்பளம் கிடையாது; ராஜினாமாவும் கிடையாது.

பட்டன் போன் காலத்தில் இந்த இனம் இல்லை, தேவையும் இல்லை. 2003-இல் வந்த நோக்கியா 1100-இல் டார்ச் இருந்தது. டார்ச் வேண்டுமா, வேண்டாமா என்பதைத் தாண்டி யோசிக்க அன்றைக்கு அதிகம் இல்லை. முதல் ஆண்ட்ராய்டு போனான எச்டிசி ட்ரீம் 2008-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்ததும் நிலைமை மாறத் தொடங்கியது. மென்பொருளைக் கூகுள் பொதுவில் திறந்துவிட, அதை எடுத்துத் தங்கள் கருவியில் போட்டு விற்க ஆளாளுக்குக் கிளம்பினார்கள். ஒரு போனுக்கு லைட், பிளஸ், ப்ரோ, ப்ரோ பிளஸ் என்று நாலு தம்பிகள் பிறந்தார்கள். எதை வாங்குவது என்பது தனிப்படிப்பாயிற்று. அந்தக் காலத்தைக் கண்ட மூத்த பண்டிதர்கள் ஆண்டுக் கணக்கு சொல்வதில்லை. "ஜிஞ்சர்பிரெட் காலத்துல", "கிட்காட் வந்தப்போ" என்பார்கள். பதிப்புக்குப் பதிப்பு ஓர் இனிப்பின் பெயரைச் சூட்டும் வழக்கத்தை 2019-இல், பத்தாம் பதிப்போடு, கூகுள் கைவிட்டது. அந்தப் பலகாரங்களில் பாதியை இவர்கள் இன்றுவரை வாயில் போட்டுப் பார்த்ததில்லை.

பண்டிதர்களின் பொற்காலம் 2014. அந்த ஜூலையில் ஷாவ்மி நிறுவனம் எம்ஐ 3 என்ற போனை 13,999 ரூபாய்க்கு ஃப்ளிப்கார்ட்டில் இறக்கியது. கடையில் கிடையாது. குறித்த நேரத்துக்குக் கணினி முன் உட்கார்ந்து, கண்ணிமைப்பதற்குள் தீர்ந்துபோகும் சரக்குக்காகப் பட்டனை அழுத்த வேண்டும். அந்த ஆண்டுக் கடைசியில் ஒன்பிளஸ் ஒன் வந்தது. அதை வாங்கப் பணத்தோடு இன்விடேஷனும் வேண்டும். அந்த இன்விடேஷனை வாங்கித் தந்ததற்காக மச்சான் இன்றைக்கும் நன்றியோடு இருப்பதாகப் பண்டிதர் நம்புகிறார். கம்பெனி போட்டுத் தந்த மென்பொருளைத் தூக்கிவிட்டு சயனோஜென்மாட் ஏற்றுவதுதான் அன்றைய பண்டிதருக்குத் தீட்சை. ஏற்றும்போது தவறினால் போன் மறுபடி உயிர்பெறாது. "பிரிக் ஆயிடுச்சு" என்பார்கள். தங்கையின் போனை அப்படிச் செங்கல்லாக்காத பண்டிதர் அரிது. அதைப் பற்றி அவர் பேசுவதில்லை, தங்கை பேசுவார்.

ஆலோசனை கேட்பவர் நேரே விஷயத்துக்கு வருவதில்லை. ஊர் மழை, குழந்தையின் படிப்பு, மாமியாரின் மூட்டுவலி எல்லாம் முடிந்து, "சரி வெச்சுடட்டுமா" என்ற பிறகுதான், "ஆங், ஒரு போன் வாங்கணும்ப்பா" என்பார். பண்டிதரின் முதல் கேள்வி பட்ஜெட். "பதினஞ்சுக்குள்ள." இந்தப் பதினைந்து, பெண் பார்க்கப் போகுமுன் சொல்லும் "எதுவும் எதிர்பார்க்கலை"யைப் போன்றது. அதற்கு 128 ஜிபி கிடைக்கும், ஆனால் கேமரா சுமார். இன்னும் இரண்டாயிரம் போட்டால் கேமரா தேறும், ஆனால் திரை எல்சிடி. இன்னும் மூன்று போட்டால் அமோலெட். இப்படிப் பண்டிதர் ஒரு படி ஏற, கேட்பவர் கூடவே இரண்டு படி ஏற, 22,999-க்கு வந்ததும் யாராவது ஒருவர் "நோ காஸ்ட் இஎம்ஐ இருக்காம்" என்பார். அதற்கு மேல் ஏறாமல் தடுப்பது வீட்டில் இருக்கும் இன்னொருவர்.

இரண்டாவது கேள்வி, "எதுக்கு யூஸ் பண்ணுவீங்க?" யாரைக் கேட்டாலும் "சும்மா பேசத்தான்" என்ற ஒரே பதில்தான் வரும். தினம் நாலு மணி நேரம் ரீல்ஸ் பார்க்கும் சித்தியும் பேசத்தான் போன் வாங்குகிறார். பெரியப்பாவின் தேவை மட்டும் தெளிவானது: சத்தம் கணீரென்று கேட்க வேண்டும், எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், சட்டைப் பையில் அடங்க வேண்டும். இந்த மூன்றையும் ஒன்றாகச் செய்து தரக் கம்பெனிகளுக்கு ஏனோ மனம் வரவில்லை. எல்லோரையும்விடக் கவனத்துக்குரியவன் கல்லூரியில் சேரப்போகும் அக்கா மகன். அவனுக்குப் பண்டிதரைவிட அதிகம் தெரியும். எந்தப் போன், எந்த நிறம், எந்த வங்கி அட்டைக்கு எவ்வளவு தள்ளுபடி என்பது வரை முடிவு செய்துவிட்டுத்தான் கூப்பிடுவான். "மாமா, நான் சொன்னா அப்பா கேக்க மாட்டாரு. இந்தப் போன் இருந்தாத்தான் ப்ராஜெக்ட் பண்ண முடியும்னு நீங்க சொல்லிடுங்க." விளையாடும்போது சூடாகாமலிருக்க உள்ளே பெரிய குளிர்விப்புத் தகடு வைத்த போன் அது. அத்திம்பேரிடம் அதைப் படிப்பு உபகரணமாக வாதாடி வென்றுகொடுப்பது பண்டிதரின் தொழில் வாழ்க்கையில் முழு வெற்றி கிடைக்கும் ஒரே வழக்கு.

பண்டிதர் சொல்வதில் பெரும்பாலும் பிழை இருக்காது என்பதையும் பதிவு செய்தாக வேண்டும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவதற்கும் போனுக்குள் நடப்பதற்கும் உள்ள தூரம் அவருக்கு அத்துப்படி. 200 மெகாபிக்சல் கேமரா சாதாரணமாக எடுக்கும் படம் பன்னிரண்டரை மெகாபிக்சல்தான்; பதினாறு புள்ளிகளைச் சேர்த்து ஒரு புள்ளியாக்கிவிடும், இருட்டில் வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்க அப்படிச் செய்கிறார்கள். அந்தப் படமும் வாட்ஸ்அப்பில் போகும்போது இன்னும் இளைத்துவிடும். முதுகில் மூன்று வட்டம் இருந்தால் ஒன்று வேலை செய்யும், மற்ற இரண்டில் ஒன்று பெரும்பாலும் 2 மெகாபிக்சல் மேக்ரோ. அதில் ஒரு முறை எறும்பைப் படமெடுத்தால் அதன் ஆயுள்காலப் பணி முடிந்தது. "8 ஜிபி, கூட 8 ஜிபி விர்ச்சுவல் ரேம்" என்றால் அந்தக் கூட வரும் எட்டு, சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கியது. வேகத்தில் அசல் ரேமுக்கு அது கிட்டவே வராது. சேமிப்பிடம் யூஎஃப்எஸ்ஸா, பழைய இஎம்எம்சியா என்று பெட்டியின்மேல் போடாமல் விட்டிருந்தால் காரணம் இருக்கும். 120 ஹெர்ட்ஸ் திரை விரலால் தள்ளும்போது வழுக்கிக்கொண்டு போகும், உண்மைதான். ஆனால் அத்தை பார்க்கும் சீரியல் வினாடிக்கு 25 படங்களோடு திருப்தியாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஐபி68 என்பது ஆய்வகத்தில் நல்ல தண்ணீரில் பார்த்த சோதனை. மெரினாவில் முக்கிப் பார்ப்பதற்கான அனுமதிச் சீட்டு அல்ல. செல்போனுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 18 ஆனது 2020 ஏப்ரலில் என்பதையும், யாரும் கேட்காமலே, நடுவில் சொல்லிவிடுவார்.

அப்டேட் விஷயத்தில் மட்டும் அவருக்குள் ஒரு போராட்டம் உண்டு. 2023 அக்டோபரில் பிக்சல் 8-க்குக் கூகுளும், அடுத்த ஜனவரியில் கேலக்ஸி எஸ்24 வரிசைக்குச் சாம்சங்கும் ஏழு ஆண்டுக்கு அப்டேட் தருவதாக அறிவித்தன. இதைத்தான் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்தார். கிடைத்த பிறகு, ஏழு ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே போன் மாற்றும் குடும்பத்துக்குத் தன்னால் என்ன பயன் என்ற கேள்வி எழுந்தது. நல்லவேளை, கேள்வி பலித்துவிடாதபடி பேட்டரியும், பைக்கில் போகும்போது சட்டைப் பையும் காப்பாற்றி வருகின்றன.

இவ்வளவும் சொல்லி, இரண்டு போன்களைக் குறித்துக் கொடுத்த பிறகு, உண்மையான தேர்வு கடையில் நடக்கிறது. அங்கே பண்டிதரின் இயற்கைப் பகைவர் நிற்கிறார். மார்பில் ஒரு கம்பெனியின் பெயர் போட்ட டி-ஷர்ட்டோடு நிற்கும் அந்த இளைஞருக்கு அந்தக் கம்பெனியைத் தவிர உலகில் போன் கிடையாது. "அது ஸ்டாக் இல்ல சார். வந்தாலும் ஹீட் ஆகுது, ரெண்டு பேரு திருப்பிக் குடுத்துட்டாங்க. இதைக் கையில புடிச்சுப் பாருங்க." கையில் பிடித்துப் பார்த்தால் ஏறக்குறைய முடிந்தது. கடையிலிருந்து பண்டிதருக்குப் போன் வரும். "இந்தா, அவர்கிட்டயே பேசு" என்று இளைஞரிடம் கொடுக்கப்படும். ஒருவர் டைமென்சிட்டி என்பார், மற்றவர் ஸ்னாப்டிராகன் என்பார். இதற்கிடையில் அத்தை அந்த மயில்பச்சை நிறத்தைப் பார்த்துவிட்டிருப்பார். சிப்செட் விவாதம் அதோடு பொருளிழந்துவிடுகிறது. டெம்பர்டு கிளாஸும் பவுச்சும் இலவசம் என்றால் பேச்சே வேண்டாம். அந்தப் பவுச் கறுப்பு. மயில்பச்சையைப் பிறகு யாரும் பார்ப்பதில்லை. ராகு காலம் முடியட்டும் என்று காத்திருந்து பில் போட்டு, வீட்டுக்கு வந்து பெட்டியின் மூலையில் குங்குமம் வைத்தபின், படத்தை எடுத்துப் பண்டிதருக்கு அனுப்புவார்கள்: "நீ சொன்ன மாதிரியே வாங்கியாச்சு."

அந்தச் செய்தியோடு பொறுப்பு அவர் தலையில் ஏறுகிறது. அவர் சொன்னது வேறு போன் என்பது இனி வழக்குக்கு உதவாத சாட்சியம். சிக்னல் இல்லையென்றாலும், சார்ஜர் தொலைந்தாலும், பேரன் தெரியாத்தனமாக விமானப் பயன்முறையைத் தட்டிவிட்டு இரண்டு நாள் யாரும் கூப்பிடவில்லையென்றாலும், "உன்னைக் கேட்டுத்தானே வாங்கினோம்" என்பதுதான் முதல் வாக்கியம்.

உடலுழைப்பு என்று பார்த்தால் பழைய போனிலிருந்து புதிய போனுக்குக் குடிபெயர்க்கும் ஞாயிற்றுக்கிழமைதான் கடினமானது. "பத்து நிமிஷ வேலைதானே" என்று அழைக்கப்பட்டுப் போவார். கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு கேட்கும். "அதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா, கடைப் பையன் போட்டுக் குடுத்தான்." அந்தக் கடைப் பையன் இப்போது துபாயில். மின்னஞ்சல் முகவரியைப் பார்த்தால் அது சித்தப்பாவின் பெயரிலேயே இல்லை, கடையின் பெயரோடு நாலைந்து எண்கள். மீட்பதற்கான ஓடிபி போவது ரீசார்ஜ் செய்யாமல் விட்டுப்போன எண்ணுக்கு. இதைத் தாண்டினால் வாட்ஸ்அப்: எட்டு ஆண்டு "இனிய காலை வணக்கம்" படங்கள், ஒன்றைக்கூட அழிக்கக் கூடாது, எது எப்போது தேவைப்படும் என்று சொல்ல முடியாதாம். பிறகு யூபிஐ. புதிய கருவி என்றதும் அது வங்கிக்குச் சிம்மிலிருந்து ஓர் எஸ்எம்எஸ் அனுப்பிச் சரிபார்க்கும். சிம் இரண்டில் வங்கியில் கொடுத்த எண் எது என்று வீட்டில் கருத்து வேறுபாடு எழும். மதியச் சாப்பாடு அங்கேயே. மாலை காபியும். கிளம்பும்போது, "பழைய போன்ல மணி அடிக்குமே, அந்த முருகன் பாட்டு, அது வரலையே" என்பார்கள்.

பழைய போன் என்ன ஆகிறது? தமிழ்க் குடும்பத்தில் நிலம், வீடு, நகை எல்லாம் மேலிருந்து கீழே இறங்கும். போன் மட்டும் கீழிருந்து மேலே ஏறும். மகன் புதிதாக வாங்கினால் அவனுடையது அம்மாவுக்கு, அம்மாவுடையது அப்பாவுக்கு, அப்பாவுடையது பாட்டிக்கு. வயது ஏற ஏற ஆண்ட்ராய்டு பதிப்பு குறையும். கண் மங்கியவருக்கு விரிசல் விழுந்த திரையும் காது மந்தமானவருக்குக் கரகரக்கும் ஸ்பீக்கரும் போய்ச் சேர்வது இந்த ஏற்பாட்டின் நேரடி விளைவு. அது வங்கிச் செயலிக்குப் பழசாகிவிட்டது, பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது என்று பண்டிதர் எச்சரிப்பார். "எனக்கு எதுக்குடா அதெல்லாம்" என்று பாட்டி முடித்துவைப்பார்.

பண்டிதரின் சொந்தப் போன் தனி. அதைத் தேர்ந்தெடுக்க எக்செல் அட்டவணை, பெஞ்ச்மார்க் மதிப்பெண், வரப்போகும் மாடலின் கசிந்த படங்கள் எல்லாம் உண்டு. தீபாவளி விற்பனைக்குக் காத்திருப்பார். தீபாவளி வந்ததும் ஜனவரியில் புதுசு வருகிறது என்று தெரியும். ஜனவரியில் வந்ததும் இரண்டு மாதத்தில் விலை இறங்கும் என்று தெரியும். எக்ஸ்சேஞ்சில் பழையதற்கு 1,200 ரூபாய்தான் தருவேன் என்று செயலி சொன்னால் அவமானப்படுத்தப்பட்டவர்போல மூடிவிட்டு, அதை மேசை டிராயரில் வைப்பார். அங்கே முன்னோர்கள் ஏற்கெனவே நாலு பேர் படுத்திருப்பார்கள், ஒருவர் பேட்டரி வீங்கி.

டிராயர்களுக்கும் ஒரு முடிவு உண்டு. தெருவில் ஒலிபெருக்கி கட்டிய மினி வேன் வரும்: பழைய செல்போன், உடைந்த செல்போன், ஓடாத செல்போன் எதுவானாலும் கொடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் சாமான் வாங்கிக்கொள்ளலாம். பண்டிதர் அலுவலகத்தில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் அது வரும். மாலையில் வீடு திரும்பினால் குளியலறையில் புதிதாக நீல வாளி ஒன்றும், கூடவே மக்கும் இருக்கும். எத்தனை போன் போயிற்று என்றுகூட முதலில் கேட்கத் தோன்றாது. உள்ளே இருந்த படங்கள், பாஸ்வேர்டுகள், வங்கிக் கணக்குதான் நினைவுக்கு வரும். "அம்மா, குடுக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் கிளியர் பண்ணினீங்களா?"

"பின்ன? ஈரத்துணி வெச்சு நல்லாத் துடைச்சுத்தான்டா குடுத்தேன்."