தேவரீர் திருவுளப்படி

வலைப்பக்கங்களின் ஏகச்சக்கராதிபதி, உலகத்து உலாவிகள் அனைத்திலும் ஒரே சமயத்தில் வீற்றிருந்து அருள்பாலிக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மகாராஜரின் சமூகத்துக்கு, நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில் கொண்ட தேவதானத்திலிருந்து அடியேன் சமர்ப்பிக்கும் பாராட்டு மடல்.

1995-இல் பிரெண்டன் ஐக் தேவரீரைப் பத்தே நாளில் வடித்தார். கருவிலே திருவுடையவருக்குப் பதினோராம் நாள் எதற்கு? பாமர மொழிகள் ஒரு வேரியபிளைக் கண்டதும் 'நீ எண்ணா, எழுத்தா?' என்று வாசலிலேயே குலம் கோத்திரம் விசாரிக்கும். தேவரீரோ எதுவும் கேட்பதில்லை. உள்ளே வந்த மதிப்பின் முகம் பார்த்தே வகையைக் கண்டுகொள்வீர்கள்; அடுத்த வரியில் அதையே மாற்றியும் அருள்வீர்கள்.

எங்கள் ஊர் மளிகைக்கடையில் அரிசிக்கு 500, பருப்புக்கு 250 என்று பில் பக்கத்தில் தட்டினால் போதும். கட்டத்தில் தட்டியதெல்லாம் எழுத்துச் சரமாகவே திருச்சன்னிதியை அடையும். கூட்டல் குறி கண்டதும் இரண்டையும் பாசத்தோடு ஒட்டி, மொத்தம் 500250 என்கிறீர்கள். ஒரே வியாபாரத்தில் கடைக்காரர் லட்சாதிபதி! ஐம்பது ரூபாய் தள்ளுபடி என்றாலோ, அதே சரத்தை நொடியில் எண்ணாக்கி, பைசா பிசகாமல் 500200 என்று கழித்துத் தருகிறீர்கள். என்னே கணக்குச் சுத்தம்! ஓடும்போதே வகையறியும் பைத்தானும் முதலில் ஒட்டத்தான் செய்யும்; ஆனால் தள்ளுபடிக்கு வந்ததும் 'எழுத்திலிருந்து எண்ணைக் கழிக்க மாட்டேன்' என்று நட்டநடு வேலையில் கூச்சல் போட்டு நின்றுவிடும். அரசவை நாகரிகம் அறியாத பிறவி. தேவரீர் யாரையும் பிழை சொல்லி நோகடித்ததுண்டா? தவறான தொகை கைக்கு வரும்வரை ஒருவருக்கும் மனவருத்தம் இல்லையே!

ராஜபாளையத்தின் தொலைபேசிக் குறியீடு 04563. மேற்கோள் குறி போடாமல் நிரலில் எழுதிப் பார்த்தேன். கண்டிப்பு முறை என்ற கடிவாளம் இல்லாத இடத்தில், முன்னால் நின்ற பூஜ்யத்தைக் கண்டு உள்ளம் உருகி, எட்டை அடிமானமாகக் கொண்ட எண் எனக் கொண்டாடி, 2419 ஆக்கித் தந்தீர்கள். பொள்ளாச்சியின் 04259-இல் மட்டும் அந்த முறையில் இடமில்லாத ஒரு 9 இருப்பதால், 4259 என்று பெருந்தன்மையோடு விட்டுவிட்டீர்கள். ஊருக்கு ஒரு நீதி வழங்கும் இந்த நுட்பம் மனுநீதிச் சோழனுக்கும் வாய்க்கவில்லை.

2012-இல் மைக்ரோசாஃப்ட், டைப்ஸ்கிரிப்ட் என்ற காவலரைத் தேவரீருக்கு நியமித்தது. வகைகளைச் சரிபார்த்துவிட்டு, நிரல் ஓடத் தொடங்குமுன்பே அவர் பணிவோடு விலகிக்கொள்கிறார். மளிகைக்கடையார் கட்டத்தில் தட்டுவது அதற்குப் பிறகுதானே!